சி நிரலில் 1எஸ்டி, 2என்டி, 3ஆர்டி என்று வரிசை எண் அச்சிடுவது எப்படி? 11, 111 வரும்போது தப்பாகிறது

கேள்வி: நிரல்பழகி

நண்பர்களே, சி மொழி படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு போட்டியில் கலந்துகொண்டவர்களின் நேரத்தை வாங்கி, வரிசைப்படுத்தி, யார் எந்த இடம் என்று ஆங்கிலத்தில் அச்சிடும் நிரல் எழுதுகிறேன். வரிசைப்படுத்துவது ஒழுங்காக நடக்கிறது. சிக்கல் எண்ணுக்குப் பின்னால் வரும் அந்த இரண்டு எழுத்தில்தான்.

முதலில் எண் % 10 (10-ஆல் வகுத்தால் வரும் மீதி) எடுத்து, 1 என்றால் எஸ்டி, 2 என்றால் என்டி, 3 என்றால் ஆர்டி, மற்றதெல்லாம் டிஎச் என்று எழுதினேன். 11 வந்தபோது 11எஸ்டி என்று அச்சானது. சரி, 11, 12, 13 மூன்றுக்கும் தனியாக ஒரு இஃப் போட்டேன். அப்புறம் 250 பேர் உள்ள பட்டியலைக் கொடுத்தால் 111எஸ்டி, 212என்டி என்று வருகிறது. இப்படியே 111, 112, 113, 211 என்று ஒவ்வொன்றாக இஃப் சேர்த்துக்கொண்டே போக வேண்டுமா, இல்லை இதற்கு ஒரு பொது விதி இருக்கிறதா?

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. எண்ணையும் பின்னொட்டையும் சேர்த்து ஒரு ஸ்ட்ரிங்காகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே ஒரு சார் அர்ரே வைத்து, அதில் எஸ்பிரின்ட்எஃப் (திரைக்குப் பதில் அர்ரேயில் எழுதும் பிரின்ட்எஃப்) செய்து, அந்த அர்ரேயை ரிட்டர்ன் செய்தேன். கம்பைலர் ஏதோ லோக்கல் மாறியின் முகவரி என்று வார்னிங் கொடுத்தது, ஓடவிட்டால் சில நேரம் சரியாகவும் சில நேரம் குப்பையாகவும் வந்தது. அந்த அர்ரேக்கு முன்னால் ஸ்டாட்டிக் சேர்த்ததும் வார்னிங் போய்விட்டது. ஆனால் "இவர் 12ஆம் இடத்திலிருந்து 3ஆம் இடத்துக்கு வந்தார்" என்ற பொருளில் ஒரே பிரின்ட்எஃப்-இல் அந்த ஃபங்ஷனை இரண்டு தடவை அழைத்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண் அச்சாகிறது. ஏன் என்று புரியவே இல்லை.

பிரின்ட்எஃப்-லேயே இதற்கு ஏதாவது குறி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

பதில் 1: சுட்டிக்காரர்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பிரின்ட்எஃப்-இல் இதற்கான குறி கிடையாது. காமன் லிஸ்ப் மொழியின் ஃபார்மட் எண்ணை ஆங்கில வரிசைச் சொல்லாகவே எழுதித் தரும், பிஎச்பி-யின் டேட் ஃபங்ஷனில் தேதிக்குப் பின்னால் இந்த இரண்டெழுத்தைச் சேர்க்க ஒரு குறி இருக்கிறது, சி-யில் நாமேதான் எழுத வேண்டும்.

இப்போது விதி. இந்த இரண்டெழுத்து எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: அது அந்த எண்ணை வாயால் சொல்லும்போது கடைசியில் வரும் ஒலியின் எழுத்து, வேறொன்றுமில்லை. ஃபர்ஸ்ட் என்பதன் கடைசி இரண்டு எழுத்து எஸ்டி, செகண்ட் என்பதில் என்டி, தேர்ட் என்பதில் ஆர்டி. 21 என்றால் ட்வென்டி ஃபர்ஸ்ட், அதனால் எஸ்டி. ஆனால் 11-ஐ யாரும் டென் ஃபர்ஸ்ட் என்று சொல்வதில்லை, இலெவன்த் என்கிறார்கள், அதனால் டிஎச். 12 ட்வெல்ஃப்த், 13 தர்டீன்த். 111-ஐச் சொல்லிப் பாருங்கள், முடிவில் அதே இலெவன்த் வரும். 1011-க்கும் அப்படியே. நூறும் ஆயிரமும் முன்னால் சொல்லப்பட்டு முடிந்துவிடுகின்றன, முடிவை அவை தொடுவதே இல்லை. ஆக, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் போதும். இஃப் சேர்த்துக்கொண்டே போக வேண்டாம்.

இன்னும் ஒரு சின்ன வசதி. 10-இலிருந்து 19 வரை எல்லாமே டிஎச்தான். 10-க்கும் 14 முதல் 19 வரைக்கும் எப்படியும் டிஎச் வரும் என்பதால், 11, 12, 13 என்று மூன்று சோதனை வைக்காமல் பத்தாம் இடத்து இலக்கம் 1-ஆ என்று ஒரே ஒரு சோதனை வைத்தால் போதும். கட்டளைச் சொற்களைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் சி-யில் மாற்றிக்கொள்ளுங்கள்:

மீதி = எண் % 100;
மீதி / 10 == 1 என்றால் "டிஎச்" திருப்பு;
மீதி % 10 எதுவோ அதைப் பார்:
1 என்றால் "எஸ்டி" திருப்பு;
2 என்றால் "என்டி" திருப்பு;
3 என்றால் "ஆர்டி" திருப்பு;
வேறு எதுவானாலும் "டிஎச்" திருப்பு;

இந்த ஃபங்ஷன் எண்ணைத் திருப்பித் தரவில்லை, பின்னொட்டை மட்டும் தருகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் இரண்டாவது சிக்கலுக்கும் மருந்து இதுதான். நீங்கள் லோக்கல் அர்ரேயைத் திருப்பித் தந்தபோது ஃபங்ஷன் முடிந்த கணமே அந்த இடம் உங்களுடையதாக இல்லாமல் போய்விட்டது, சில நேரம் சரியாக வந்தது அந்த இடத்தில் அதுவரை வேறு யாரும் எழுதவில்லை என்பதால் மட்டும்தான். ஸ்டாட்டிக் போட்டதும் இடம் நிலைத்துவிட்டது, ஆனால் நிரல் முழுவதற்கும் அது ஒரே ஒரு இடம். பிரின்ட்எஃப் அச்சிடத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு அழைப்பும் முடிந்துவிடும், இரண்டாவதாக ஓடிய அழைப்பு முதலாவது எழுதியதை அழித்துவிடும், இரண்டு பாயின்டரும் அதே இடத்தைத்தான் காட்டும். எந்த அழைப்பு முதலில் ஓடும் என்பதையும் சி மொழி வரையறுக்கவில்லை, ஆகவே இன்று 3 வந்த இடத்தில் வேறு கம்பைலரில் 12 வரலாம்.

மேற்கோளுக்குள் நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. "எஸ்டி" என்று நிரலில் எழுதியது நிரல் முடியும்வரை அதே இடத்தில் இருக்கும், யாரும் அதன்மேல் எழுதப்போவதில்லை. ஃபங்ஷனின் திரும்பு வகையைக் கான்ஸ்ட் சார் பாயின்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட்எஃப்-இல் எண்ணுக்கு ஒரு குறி, அதை ஒட்டியே ஸ்ட்ரிங்குக்கு ஒரு குறி, நடுவில் இடைவெளி வேண்டாம். ஒரே வரியில் பத்து தடவை அழைத்தாலும் கலங்காது. பஃபரும் (எழுதிவைக்கும் தற்காலிக அர்ரே) வேண்டாம், நினைவகம் ஒதுக்குவதும் விடுவிப்பதும் வேண்டாம்.

பட்டியல் நேராக வர வேண்டுமென்றால் எண்ணுக்கு மட்டும் அகலம் 3 என்று கொடுங்கள். பின்னொட்டு எப்போதும் இரண்டே எழுத்து என்பதால் அடுத்த நெடுவரிசை தானாகவே நேராக நிற்கும்.

---

பதில் 2: மிச்சம்மீதி

சுட்டிக்காரர் சொன்னது சரி, நானும் அப்படித்தான் எழுதுவேன். ஒரு இடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது: குறை எண். போட்டியில் இடம் குறை எண்ணாக வராது, ஆனால் இப்படிச் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள்தான் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு நாள் யாராவது -1 கொடுப்பார்கள்.

சி99 தரத்திலிருந்து வகுத்தல் எப்போதும் பூஜ்யத்தை நோக்கித்தான் வெட்டும், அதனால் -21 % 100 என்றால் -21, அதை % 10 செய்தால் -1. 1, 2, 3 எதுவென்று பார்க்கும் இடத்தில் (சி-யில் அது ஸ்விட்ச்) எதிலும் சேராமல் டிஎச்-க்குப் போய்விடும். அதற்கு முந்தைய சி89-இல் குறை எண்ணின் மீதி எந்தக் குறியோடு வரும் என்பதையே கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது, ஃபங்ஷனின் முதல் வரியிலேயே ஏபிஎஸ் போட்டு எண்ணை நேர் எண்ணாக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 32 பிட் இன்ட்-இல் மிகச் சிறிய எண் -2147483648, மிகப் பெரிய எண் 2147483647. அந்தச் சிறிய எண்ணின் நேர் வடிவத்துக்கு இன்ட்-இல் இடமே கிடையாது. அதை ஏபிஎஸ் செய்தால் என்ன நடக்கும் என்பதை மொழி வரையறுக்கவில்லை.

வரிசையை மாற்றினால் போதும், பிரச்சினை மறைந்துவிடும். முதலில் % 100, அப்புறம் குறியை மாற்றுவது. % 100 செய்த பிறகு மீதி -99-க்கும் 99-க்கும் நடுவில்தான் இருக்கும், அதை எந்தப் பயமும் இல்லாமல் நேர் எண்ணாக்கலாம்:

மீதி = எண் % 100;
மீதி < 0 என்றால் மீதி = -மீதி;

ஒரே வரிதான் கூடுதல், மற்றதெல்லாம் பதில் 1-இல் உள்ளபடியே. இந்த ஒழுங்கை நான் கற்றுக்கொண்டது வேறொரு நிரலில், ஏபிஎஸ் திருப்பித் தந்த எண்ணே குறை எண்ணாக வந்து, அதை அர்ரேயின் இடமாக நம்பி, இரண்டு நாள் தேடிய பிறகு. அன்றிலிருந்து எண்ணைச் சுருக்கிவிட்டுத்தான் குறியைத் தொடுவேன்.

சோதனைக்கு இந்த எண்களையெல்லாம் கொடுத்துப் பாருங்கள்: 0, 1, 2, 3, 4, 10, 11, 12, 13, 14, 20, 21, 22, 23, 100, 101, 111, 112, 113, 121, 1011, 1021, -1, -11, -21, அந்த -2147483648. இதில் 101-ஐயும் 121-ஐயும் மறக்காதீர்கள். 111-ஐத் திருத்தப் போய் இவற்றைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

எண்ணையும் பின்னொட்டையும் ஒரே ஸ்ட்ரிங்காக வைத்திருக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அழைப்பவரே பஃபரையும் அதன் அளவையும் கொடுக்கட்டும், நீங்கள் எஸ்என்பிரின்ட்எஃப் (கொடுத்த அளவைத் தாண்டாமல் எழுதும் எஸ்பிரின்ட்எஃப்) மட்டும் செய்யுங்கள். 32 பிட் இன்ட்-க்கு அதிகபட்சம் குறைக்குறியோடு 11 எழுத்து, பின்னொட்டு 2, முடிவைக் காட்டும் பூஜ்யம் 1, மொத்தம் 14.

---

பதில் 3: ஒற்றைவரி

ஸ்விட்ச் இல்லாமலும் செய்யலாம். நான்கு பின்னொட்டையும் டிஎச், எஸ்டி, என்டி, ஆர்டி என்ற வரிசையில் ஒட்டி எட்டு எழுத்துள்ள ஒரே ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் 3-க்கு மேல் போனாலோ பத்தாம் இடம் 1-ஆக இருந்தாலோ 0 என்று எடுத்துக்கொண்டு, இலக்கத்தை 2-ஆல் பெருக்கி, அந்த இடத்திலிருந்து இரண்டு எழுத்து மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங் குறியில் புள்ளி போட்டு 2 என்று கொடுத்தால் இரண்டோடு நின்றுவிடும். பாயின்டர் கணக்கு பழகுவதற்கு நல்ல பயிற்சி, ஒரு தடவையாவது எழுதிப் பாருங்கள்.

---

பதில் 4: சுட்டிக்காரர்

@ஒற்றைவரி, பயிற்சியாக எழுதிப் பார்க்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிரலில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் புள்ளி 2-ஐ யாராவது ஒருவர் ஓரிடத்தில் மறந்தால் 2என்டிஆர்டி என்று அச்சாகும், கம்பைலர் வாயே திறக்காது. நான்கு ஸ்ட்ரிங் உள்ள அர்ரே வைத்தால் அதே சுருக்கமும் கிடைக்கும், அந்த ஆபத்தும் இருக்காது.

---

பதில் 5: எழுத்தெண்ணி

ஆங்கிலம் முடிந்துவிட்டது, இதையே தமிழில் அச்சிட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன நுணுக்கங்களில் பாதி தமிழில் வேலை செய்யாது, மீதிப் பாதி தேவையே இல்லை.

எண்ணை இலக்கத்தில் எழுதினால் நமக்கு விதி ஒன்றே ஒன்று: 1ஆவது, 2ஆவது, 11ஆவது, 111ஆவது. மீதியும் வேண்டாம், ஸ்விட்ச்சும் வேண்டாம். மொழிவாரியான விதிகளைத் தொகுத்துவைத்திருக்கும் சிஎல்டிஆர் தரவில் ஆங்கில வரிசை எண்ணுக்கு நான்கு வகை, தமிழுக்கு ஒரே வகை. (ஜெர்மனில் எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது, பிரெஞ்சில் 1 மட்டும் தனி, சீனத்தில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். ஆகையால் பல மொழிக்கான நிரல் என்றால் பின்னொட்டு என்ற கருத்தையே நிரலுக்குள் பூட்டிவைக்காதீர்கள், முழு வடிவத்தையும் மொழிக்கோப்பிலிருந்து எடுங்கள்.) எண்ணுக்கும் ஆவது-க்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள், வரி மடங்கும்போது எண் ஒரு வரியிலும் ஆவது அடுத்த வரியிலும் போய் நிற்கும்.

எண்ணை எழுத்தால் எழுதும்போதுதான் விஷயம் சுவையாகிறது. இரண்டு + ஆவது = இரண்டாவது, ஏழு + ஆவது = ஏழாவது, நூறு + ஆவது = நூறாவது. கடைசி உகரம் போய் அந்த இடத்தில் ஆகாரம் வருகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். உகரக் குறி 3 பைட், ஆகாரக் கால் 3 பைட். அதனால் ஸ்ட்ரிங்கின் கடைசி 3 பைட்டின்மேல் காலை எழுதிவிட்டு, பின்னால் "வது" என்ற 9 பைட்டைச் சேர்த்தால் முடிந்தது. ஆயிரம், லட்சம் இரண்டும் மெய்யெழுத்தில் முடிகின்றனவே என்று யோசிப்பீர்கள். அங்கே கடைசி 3 பைட் புள்ளி. அதன்மேல் காலை எழுதினால் ம் மா-வாகி ஆயிரமாவது என்று சரியாகவே வருகிறது! இலக்கணத்தில் இரண்டும் வேறு வேறு விதி, பைட்டில் ஒரே வேலை. இதைக் கவனித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

விலகுவது இரண்டு. எண் 1 மட்டும் தனியாக வந்தால் முதலாவது. கோடி இகரத்தில் முடிவதால் எதையும் அழிக்காமல் "யாவது" சேர்க்க வேண்டும். கடைசி 3 பைட் உகரமா புள்ளியா என்று மெம்சிஎம்பி (பைட்டுகளை ஒப்பிடும் ஃபங்ஷன்) வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பைட்டாக எண்ணோடு ஒப்பிட்டால் சார் வகை சில கணினிகளில் குறி உள்ளதாக இருந்து குறை எண்ணாக மாறி ஏமாற்றும். மேற்கோளுக்குள் எழுதிய ஸ்ட்ரிங்கின்மேல் நேரடியாக எழுதாதீர்கள், உங்கள் சொந்த அர்ரேயில் படியெடுத்துக்கொண்டு மாற்றுங்கள்.

பதில் 3-இல் உள்ள புள்ளி 2 வழி இங்கே அறவே ஆகாது, அது எண்ணுவது பைட்டைத்தான், நம் எழுத்தை நடுவில் வெட்டிவிடும். பிரின்ட்எஃப்-இல் கொடுக்கும் அகலமும் அப்படியே பைட்டில்தான் எண்ணும், ஆகவே எழுத்தால் எழுதிய வரிசைச் சொற்களை அகலம் கொடுத்து நேராக நிறுத்த முடியாது.

---

நிரல்பழகி

எல்லோருக்கும் நன்றி. ஆங்கில வடிவம் முடிந்தது. @மிச்சம்மீதி கொடுத்த எண்கள் எல்லாம் சரியாக வருகின்றன, -2147483648-க்கும் டிஎச் வந்தது. வாயால் சொல்லிப் பார் என்று @சுட்டிக்காரர் சொன்னதுதான் எனக்கு விளங்கவைத்தது, விதியை மனப்பாடம் செய்திருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பேன்.

ஆர்வத்தில் தமிழையும் முயன்றேன். இரண்டு, ஏழு, நூறு, ஆயிரம், கோடி எல்லாம் வந்துவிட்டது. இருபத்தொன்று கொடுத்தால் மட்டும் இருபத்தொன்றாவது என்று அச்சாகிவிட்டு நிரல் நின்றுவிடுகிறது. அட்ரஸ் சானிடைசரோடு (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) ஓடவிட்டால் பஃபருக்கு வெளியே எழுதுகிறாய் என்கிறது. 40 பைட் வைத்திருக்கிறேன், ஒரு சொல்லுக்கு அது தாராளம் என்று நினைத்தேன்.

---

எழுத்தெண்ணி

எண்ணிப் பாருங்கள். இருபத்தொன்று: இ, ர, உகரக் குறி, ப, த, புள்ளி, த, ஒகரக் குறி, ன, புள்ளி, ற, உகரக் குறி. மொத்தம் 12 குறியீடு, 36 பைட். அதோடு "வது" 9, முடிவுக்கு 1, ஆக 46. உங்கள் 40 போதவில்லை.

46 என்றும் இறுக்கமாக வைக்காதீர்கள். அந்தத் தொ-வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் வரலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து 3 பைட் கூடும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போன்ற சொல்லெல்லாம் "வது"-வையும் முடிவையும் சேர்த்தால் நூறு பைட்டைத் தாண்டும், அதனால் 256 வைத்துக்கொள்ளுங்கள். அளவு எதுவானாலும் சேர்ப்பதை எஸ்என்பிரின்ட்எஃப் வழியாகவே செய்து, அது திருப்பித் தரும் எண் பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொல் முழுதாக எழுதப்படவில்லை என்று பொருள், அப்போது அச்சிடாமல் பிழை என்று திருப்பி அனுப்புங்கள்.